எட்டடி டிஷ்ஷில் உவரிக் கரை

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எட்டடி அகலத்தில் ஒரு வலை டிஷ் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கிறது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் மற்ற வீடுகளில் எல்லாம் தாம்பாளம் அளவு டிஷ்தான். கேபிள் தொழிலை விட்டுவிட்ட ஒருவர் இதைப் பழைய இரும்புக்குப் போடப் போகிறேன் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை, வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். தாலுகா ஆபீஸில் பகல் முழுக்க மனுக்களைப் பார்க்கிறவனுக்குச் சாயங்காலம் ஏதாவது ஒரு கிறுக்கு வேண்டியிருக்கிறது. சீட்டாடுகிறவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை, என்னைத்தான் கேட்டார்கள்.

"ஊர்ல எல்லாரும் வானத்துல சாமியத் தேடுதாவ, நீங்க சீரியலத் தேடுதியளாக்கும்?" என்றாள் என் மனைவி.

பெரிய டிஷ்ஷில் ஒரு சௌகரியம் உண்டு. நடுவில் நிற்கும் எல்.என்.பி., அதாவது அலையை வாங்கிக்கொள்ளும் குழல், ஒரு சாட்டிலைட்டைத்தான் பிடிக்கும். அதன் பக்கத்தில் கொஞ்சம் தள்ளி இன்னொன்றை மாட்டினால் அடுத்த சாட்டிலைட்டும் கிடைக்கும். தள்ளி மாட்டியதில் சிக்னல் மெலிந்துதான் வரும், ஆனால் எட்டடி அகலம் அதைச் சரிக்கட்டிவிடும். மேற்கே நிற்கிற சாட்டிலைட்டுக்குக் குழலைக் கிழக்கே வைக்க வேண்டும் என்பதுதான் இதில் கூத்து. கண்ணாடியில் இடம் வலமாவதைப் போல. அது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மேற்குப் பக்கமே வைத்துத் திருகித் திருகி, கோயிலுக்கும் போகாமல் வெயிலில் காய்ந்தேன். பழைய மின்விசிறிக் கம்பியை வெட்டிக் கை மாதிரிப் பற்றவைத்து, பிஸ்கட் டின் மூடியை வளையமாக வெட்டி மாட்டி, கடைசியில் மூன்று சாட்டிலைட்டை ஒரே டிஷ்ஷில் வாங்கிவிட்டேன். எனக்கு அன்று கர்வம் தாங்கவில்லை.

கிழக்குப் பக்கத்துக் குழலில் வந்தவை சேனல்கள் அல்ல. செய்தி வேன்கள் வெட்டாமல் ஒட்டாமல் தங்கள் ஸ்டூடியோவுக்கு அனுப்புகிற பச்சைப் படங்கள். பேரும் இல்லை, பாட்டும் இல்லை, கீழே ஓடும் எழுத்தும் இல்லை. ரிசீவரைத் தேட விட்டால் எங்கிருந்தாவது ஒன்று வந்து நிற்கும். ஒரு நாள் வெறும் நாற்காலி, அதன் பின்னால் ஒரு திரைச்சீலை. வெகுநேரம் அதுவே. பிறகு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள், எந்த நாட்டுக்காரியோ. நேராக என்னைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், மூக்கை உறிஞ்சினாள். யாரோ அவள் காதில் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், சட்டென்று சிரித்தபடி செய்தி வாசிக்கத் தொடங்கினாள்.  என் மனைவி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

"அவியளுக்குத் தெரியாம நாம பாக்கது நல்லா இல்ல. அந்தப் பக்கத்த இனி வைக்காதிய" என்றாள்.

நான் வைத்தேன். சனிக்கிழமைகளில் அவள் ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போன நேரமாகப் பார்த்து வைத்தேன். தாங்கள் பார்க்கப்படுவது தெரியாதவர்களைப் பார்ப்பதில் ஒரு பயம் இருந்தது, அந்தப் பயம் எனக்குப் பிடித்தும் இருந்தது.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது உவரியில். அத்தானுக்குக் கடல் தொழில். அந்த வருஷம் மேற்குக் கரைத் துறைமுகம் ஒன்றிலிருந்து விசைப்படகில் தங்கல் போயிருந்தார். போனால் நாள் கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற தொழில் அது. அவர்கள் போன பிறகுதான் காற்று எழும்பியது. பல படகுகள் கரை சேர்ந்தன, அத்தானின் படகைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான் உவரிக்குப் போய் அக்காவோடு இருந்துவிட்டு, கலெக்டர் ஆபீஸில் விசாரிக்கலாம் என்று பாளையங்கோட்டை வந்தேன். அங்கே பாவம் அவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன், சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் செய்தியைத் திருப்பினேன். எல்லாச் சேனலிலும் காலையில் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கை தானாகக் கிழக்குக் குழலுக்குப் போனது.

உவரிக் கரை வந்தது.

காமிராவை நிறுத்திவிட்டு ஆட்கள் ஒதுங்கியிருந்தார்கள். கடல், மணலில் ஏற்றிய வள்ளங்கள், கும்பல் கும்பலாகப் பெண்கள். நிருபர் ஒரு வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார், சட்டையில் குத்திய மைக் ஓடிக்கொண்டேயிருந்தது. காற்றும் அலையும் என் வீட்டுக்குள் இரைந்தன. ஓரமாகத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அக்கா நின்றாள்.

போனில் கூப்பிட்டேன். காதில் "சொல்லுலே" என்று கேட்டது. திரையில் அக்கா இன்னும் போனை எடுக்கவேயில்லை. கொஞ்சம் கழித்துத்தான் மடியில் துழாவி எடுத்தாள். வாய் அசைந்தது, அதற்குள் என் காதில் அவள் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். படம் மேலே போய்க் கீழே வர நேரம் பிடிக்கும் என்பது தெரிந்ததுதான். 

"அக்கா, நான் ஒன்னப் பாக்கேன்."

"எங்கன இருந்துலே பாக்க?"

"வீட்டுல இருந்து. டிஷ்ஷுல."

திரையில் அவள் முதலில் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு பைய சுற்றிலும் பார்த்தாள்.

"நான் இப்ப என்ன செய்யுதேன், சொல்லு."

"கையத் தூக்கி வெயில மறைக்க."

"அது அப்பமே. கைய இறக்கிட்டேனே" என்றாள்.  பிறகு, "ஏலே தம்பி, ஒன் டிஷ்ஷு பெருசுல்லா. இங்கன நின்னா ஒண்ணும் தெரிய மாட்டேங்கு. அத்தான் படகு எங்கனயாவது நிக்குதான்னு அதுல தேடிப் பாரேன்."

அப்படித் தெரியாதுக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. "தேடுதேன்" என்றேன். கையில் ரிமோட் இருந்தது, எந்தப் பித்தானையும் அமுக்கவில்லை.

அப்போதுதான் நிருபர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார். ஸ்டூடியோவில் பேசுவது எனக்குக் கேட்காது, அவர் பேசுவது மட்டும் கேட்டது. "சொல்லுங்க சார்... கன்ஃபார்ம்தானா? கூடப் போனவர் ஆஸ்பத்திரியில உடல அடையாளம் சொல்லிட்டாரா?" என்றார். பிறகு ஒரு பெயரைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். அது என் அத்தானின் பெயர். தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்த்துச் சொன்னார். "அவர் சம்சாரம் இங்கதான் நிக்கறாங்க சார். காலையில பேசினோமே, அவங்கதான். இன்னும் தெரியாது. லைவ்ல போகலாமா? கை மைக்க எடுத்துட்டுப் போறேன்."

நிருபர் சின்ன வயசுக்காரர். சொல்லும்போது அவர் முகமும் வெளிறித்தான் போனது. ஆனாலும் மைக்கை எடுத்தார். காமிராக்காரர் ஓடி வந்தார், படம் ஒரு ஆட்டம் ஆடி அக்கா மேல் போய் நின்றது. அவள் முகம் திரை நிறைய வந்தது. உதடு வெடித்திருந்தது. நெற்றியில் மணல் ஒட்டியிருந்தது.

நான் பார்ப்பதெல்லாம் நடந்து முடிந்தது. இந்நேரம் அங்கே நிருபர் பாதித் தூரம் நடந்திருப்பார். முன்பின் தெரியாத ஒருவர் நாடே பார்க்க அவளிடம் இதைச் சொல்லப் போகிறார்.

"அக்கா, அங்கன நிக்காத. கோயிலுக்குள்ள போ."

"ஏம்லே? டிவிக்காரவ இங்கன வாராவ. ஏதோ தகவல் இருக்கும் போல."

"அவிய கிட்டப் பேசாத. நான் சொல்லுதேன், கேளு."

"அத்தான் படகு தெரியுதாலே?" என்றாள். அந்தக் குரலில் இருந்த ஆசையை என்னால் தாங்க முடியவில்லை.

"அத்தான் போயிட்டாவக்கா."

 காதில் அக்கா அலறினாள். போன் மணலில் விழுந்தது, தூரத்தில் பெண்கள் ஓடி வருகிற சத்தம், அந்தோணியாரே அந்தோணியாரே என்று யாரோ கத்துவது, எல்லாம் கேட்டன.

திரையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். போனைக் காதில் அழுத்திப் பிடித்து, தலையைச் சாய்த்து, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் லேசான சிரிப்புகூட இருந்தது. அங்கே அத்தான் இன்னும் உயிரோடு இருந்தார்.

என் பேச்சு திரையில் இருந்தவளுக்குப் போய்ச் சேர்வதற்குள் டிவியை அணைத்தேன்.

அடக்கம் எல்லாம் முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அக்கா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். மாடியில் துணி காயப்போடும்போது அந்த டிஷ்ஷின் ஓரமாக ஒதுங்கிப் போகிறாள், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் அதற்குப் பிறகு கிழக்குக் குழலுக்குத் திருப்பவேயில்லை. கழற்றிப் போடவும் கை வரவில்லை. திருப்பினால் அவள் அந்தக் கரையில், போனைக் காதில் வைத்தபடி, சிரித்த முகமாக நின்றுகொண்டிருப்பாள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.