அம்மாவின் கண்களும் பெரிய மானிட்டரும்

நான்கு வருடங்களாக ஒரு மானிட்டர் வாங்கிக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு அங்குலம், நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டும் உயர்ந்த ரகம். மாடல் எண்கூட மனப்பாடம். தை பிறந்தால் புது மாடல் வரப்போகிறது, பழையது விலை இறங்கும் என்பேன். ஆடியில் யாரும் எதையும் வாங்குவதில்லை. தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருப்பேன். தீபாவளி வந்தால் கல்யாண ஆல்ப வேலை தலைக்கு மேல் கிடக்கும். என் இழுபறியைப் பொறுக்க முடியாமல் என் கணவர் ஒருநாள் கோயிலுக்கு இழுத்துப்போனார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தது. வாங்கலாம் என்று அர்த்தம். அப்படியும் நான் வாங்கவில்லை.

"அம்மனே சொல்லியாச்சு. இன்னும் யாரு வந்து சொல்லோணும் உனக்கு?" என்றார்.

உண்மையான காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

குமாரபாளையத்தில் வீட்டில் இருந்தபடியே ஸ்டுடியோக்களுக்குப் படம் திருத்திக் கொடுப்பது என் தொழில். பக்கத்துத் தறிப்பட்டறையில் கணவர் தறி ஓட்டுவார். அந்தச் சத்தத்துக்கு நடுவே நான் முகங்களோடு உட்கார்ந்திருப்பேன். எனக்கு வரும் வேலைகளில் ஒன்றுக்கு 'கண் திறப்பு' என்று பெயர். இறந்தவர் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைக்க வேண்டுமானால் படத்தில் கண் திறந்திருக்க வேண்டும். மூடிய கண்ணை யாரும் சுவரில் மாட்ட மாட்டார்கள். ஆண்களால் தொல்லையில்லை. லைசென்ஸ், பாஸ்புக் என்று ஏதாவது ஒன்றில் முழித்துக்கொண்டு இருப்பார்கள். வயதான பெண்கள் படம்தான் பெரும்பாடு. யார் கல்யாணத்திலோ கூட்டத்தில் ஓரமாக நின்று, ஃபிளாஷ் அடிக்கிற நேரம் பார்த்துக் கண்ணை மூடியிருப்பார்கள். ஆதார் அட்டையில் ஆளே அடையாளம் தெரியாது. அதை விட்டால் வாழ்நாளுக்கும் அந்த ஒரு படம்தான் இருக்கும்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அப்படி முதல் படம் வந்தது. மறுநாளே காரியம். பொருத்துவதற்கு என் கையில் வேறு கண் இல்லை. அந்த வாரம்தான் சமையலறையில் உட்கார்ந்திருந்த அம்மாவை, வாசற்படியில் நின்று மிக அருகில் படம் எடுத்திருந்தேன். நல்ல வெளிச்சம், துல்லியமான படம். அதிலிருந்து கண்களை வெட்டி எடுத்து வைத்தேன். பாந்தமாகப் பொருந்தியது. "அப்பிடியே எங்கம்மாதாங்க" என்று அந்த வீட்டார் அழுததாக ஸ்டுடியோக்காரர் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு வந்த எல்லாப் பெண்களுக்கும் அதே கண்கள்தான். கொஞ்சம் சாய்ப்பேன், ஓரத்தில் சுருக்கம் சேர்ப்பேன், நிறத்தை மங்கலாக்குவேன். பவானி, பள்ளிபாளையம், மல்லசமுத்திரம் வரைக்கும் எத்தனை வீட்டுச் சுவர்களில் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று கணக்கில்லை. உயிரோடிருப்பவளின் கண்ணை இறந்தவர்களுக்கு வைக்கிறோமே என்று வெகுநாள் தோன்றவேயில்லை. தோன்றிய பிறகு பழைய மானிட்டர்தான் ஆறுதல். அதில் கருப்பெல்லாம் ஒரே கருப்பு. அந்த மங்கலில் எல்லோரும் வேறு வேறு பெண்களாகத் தெரிந்தார்கள். நல்ல மானிட்டர் வந்தால் அத்தனை பேரும் அம்மாவாகிவிடுவார்களே என்ற பயத்தில்தான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

போன வருடம் எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியது. வெளிச்சம், நிழல், அவ்வளவுதான் தெரியும் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்குக் கூப்பிட்டால், "ஆடி போவட்டும் சாமி" என்பாள். அவளும் என்னைப் போலத்தான்.

ஒருநாள் மத்தியானம் கரண்ட் போனது. தெருவில் ஓடிய அத்தனை தறிகளும் ஒரே நொடியில் நின்றன. எங்கள் ஊரில் அந்த அமைதிக்குப் பழகவே முடியாது. காது அடைத்துக்கொண்டதோ என்று இருக்கும். யூபிஎஸ் இருந்ததால் என் மானிட்டர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா எதிரே இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்து, "போதும் எந்திரிங்க, எத்தன நேரந்தான் கும்புடுவீங்க" என்றாள்.

"யாரும்மா?"

"யாரோ. பச்சச் செவுரு போட்ட ஊடு. ஊதுபத்தி வாசம் மூக்க அடைக்குது. நெத்தியில தழும்பு இருக்கற ஒரு மனுசன் தெனமும் வந்து நின்னு அழுவறாரு."

கனவு கண்டிருப்பாள் என்று சிரித்துவைத்தேன். ஆனாலும் மறுநாள் டாக்டரிடம் போய்க் கேட்டேன். கண் போனவர்களுக்கு இல்லாதது தெரிவது உண்டு, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு கரண்ட் போகும் மத்தியானங்களில் எல்லாம் அம்மாவுக்கு ஆட்கள் வந்தார்கள். ஒரு வீட்டில் நின்றுபோன கடிகாரம், ஒரு வீட்டில் தொட்டில். அம்மாவின் பார்வையை நான்தான் வீடு வீடாக வெட்டிக் கொடுத்துவிட்டேனோ என்று நினைப்பேன். நினைத்துவிட்டு, அடுத்து வந்த படத்துக்கும் அதே கண்ணைத்தான் வைத்தேன். சோம்பேறித்தனமா, பழக்கமா, தெரியவில்லை.

ஆனியில் ஒரு பெரியவர் கையில் சட்டமிட்ட படத்தோடு வாசலில் வந்து நின்றார். அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்தவர் இல்லை. என் விலாசத்தை ஸ்டுடியோவில் கேட்டு வாங்கியிருக்கிறார். அவர் மனைவிக்கு நான் கண் திறந்து கொடுத்த படம் அது.

"ஏனுங்க அம்மிணி, தப்பா நெனைக்காதீங்க. இதுல அவ என்னையப் பாக்கலீங்க. எனக்குப் பொறத்தால யாரையோ பாக்கறா. நானும் தெனம் திரும்பித் திரும்பிப் பாக்கறனுங்க. வருசத் தெவசத்துக்குள்ள மாத்திக் குடுத்தீங்கன்னா..."

அதற்குள் கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வாங்க சாமி. இன்னிக்கு அழுவாம வந்திருக்கறீங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார். அவர் நெற்றியில் நீளமாக ஒரு தழும்பு. அப்போதுதான் கவனித்தேன். உங்கள் வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கத் தைரியமில்லை. தெவசம் ஆடிக் கடைசியில் என்றார். மாற்றித் தருகிறேன் என்று சொல்லிப் படத்தை வாங்கிக்கொண்டேன்.

பழைய மானிட்டரில் அந்தக் கண்கள் எங்கே பார்க்கின்றன என்று கண்டுபிடிக்க முடியவில்லை. படங்களை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். கடையில் என் மனப்பாட மாடல் சுவரோரம் ஜன்னல் அளவுக்கு நின்றது. என் படங்களைப் போட்டுக் காட்டச் சொன்னேன். திரையில் பெரியவரின் மனைவி வந்தார். முகத்தைப் பெரிதாக்கி, கண்ணைப் பெரிதாக்கி, கருவிழி திரை முழுக்க நிறையும்வரை போனேன்.

கருப்புக்குள் ஒரு வாசற்படி இருந்தது. வெளிச்சமான வாசற்படி. அதில் ஓர் உருவம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. பின்னல் ஒரு தோளில் கிடந்தது. நான்தான். கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்ற நான்.

அடுத்த படத்தைத் தட்டினேன். அதற்கடுத்ததைத் தட்டினேன். யார் யார் வீட்டு அம்மாக்களோ, ஒவ்வொருவர் கண்ணுக்குள்ளும் நான் நின்றுகொண்டிருந்தேன். எத்தனையோ வீடுகளில் மாலைக்கு நடுவிலிருந்து எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன்.

"பேனல்ல ஏதாச்சும் புள்ளி தெரியுதுங்களா, மேடம்?" என்றார் கடைக்காரர்.

"பேனல்ல இல்லீங்க," என்றேன்.

அன்றைக்கே வாங்கினேன். ஆடி பிறந்து மூன்றாம் நாள். "நாலு வருசம் உட்டுட்டு ஆடியிலதான் வாங்கோணுமா?" என்று கணவர் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்குப் பதில் சொல்லாமல் பெரியவரின் மனைவியுடைய மூலப் படத்தைத் திறந்தேன். மூடிய கண் என்று இத்தனை நாள் நினைத்திருந்தது முழுதாக மூடியிருக்கவில்லை. இமை மயிருக்கு அடியில், பழைய மானிட்டர் வெறும் கருப்பாகக் காட்டிய இடத்தில், அவருடைய சொந்தக் கருவிழி ஒரு கீற்றாகத் தெரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கீற்றிலிருந்தே இமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி நாலு நாள் வரைந்தேன். பார்வையைத் தாழவே விட்டுவிட்டேன்.

பெரியவர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இவதானுங்க. எப்பவும் என்னைய நேராப் பாத்துப் பேசுனதே இல்லீங்க" என்று சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் போன பிறகு அம்மாவின் கண்கள் இருந்த கோப்பை அழித்தேன். கொடுத்துவிட்ட படங்களைத் திரும்ப வாங்க முடியாது. இனியாவது யாருக்கும் அவளைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

ஆவணியில் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது. கட்டு அவிழ்த்த அன்று என் முகத்தைப் பிடித்துப் பார்த்து, "எளச்சுப் போயிட்டியே" என்றாள். நான் அழுதேன். பார்வை திரும்பிவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது, இனி அவளுக்கு யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். உண்மையிலேயே யாரும் வரவில்லை. கரண்ட் போனால் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு வாரம் கழித்து எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு படம் வந்தது. எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா. கண் இறுக மூடியிருந்தது, கீற்றுகூடக் கிடையாது. பெரிய திரையில் அந்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்று, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

"இவளுக்கும் என்னோடதையே வெச்சுரு சாமி. ஊட்டுலயே ஒக்காந்து என்ன பண்றேன், போயிப் பாத்துட்டு வாரேன்."