அண்ணன் வைவாரு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பரீட்சையில் நான் பாஸ். மலையில் ஆட்களை நடத்திக் கூட்டிப்போகும் வழிகாட்டி என்று எனக்குச் சான்றிதழ் இருக்கிறது. லேமினேட் செய்து டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்க்கும்வரை பேச்சை வேறு பக்கம் விடமாட்டேன்.

திண்டுக்கல் – வத்தலக்குண்டு தனியார் பஸ்ஸில் இருபத்திரண்டு வருடம் கண்டக்டராக இருந்தவன் நான். கூட்டத்தை ஏற்றுவதும் இறக்குவதும் எனக்குத் தண்ணி பட்ட பாடு. லீவு நாட்களில் சிறுமலையில் நடக்கப் போய், அது பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. வழிகாட்டிப் பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் வேலையை விட்டேன். விட்டவன் சும்மா இருந்தேனா? பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். தோற்றால் அந்த மூஞ்சிகளில் எப்படி விழிப்பது?

வரைபடம், காம்பஸ், முதலுதவி எல்லாம் ஒருவழியாகத் தேறிவிட்டேன். கடைசிப் பரீட்சை சிறுமலையில். ஐந்து பேரை உச்சிக்குக் கூட்டிப்போய்த் திரும்ப வேண்டும். தேர்வாளர் வாயைத் திறக்காமல் பின்னால் வருவார். நான் பஸ்ஸில் எப்படியோ அப்படியே மலையிலும் இருந்தேன். "நடங்க நடங்க! வழியில நிக்காதீங்க! அம்புட்டுத் தண்ணியையும் இங்கயே குடிச்சா மேல என்னத்தக் குடிப்பீங்க?" சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே உச்சி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கீழே வந்ததும் குழுவில் இருந்த ஒரு பெண் ஷூவைக் கழற்றினார். குதிகால் தோல் உரிந்து, சாக்ஸெல்லாம் ரத்தம்.

"ஏம்மா சொல்லல?" என்றார் தேர்வாளர்.

"அண்ணன் வைவாருன்னு பயந்துட்டேன் சார்."

ஃபெயில்.

எனக்கு வந்ததே கோபம்! வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டு, "வாயத் தொறக்காதது அந்தம்மா, மார்க்கு போறது எனக்கா?" என்று கத்தினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நானே தலவலின்னா ஒங்ககிட்டச் சொல்றதில்ல. இருபது வருசமாச்சு."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படி ஒரு வெட்கம்.

மறுநாளிலிருந்து விடிகாலையில் அவளையும் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுற்றி நடந்தேன். அவள் வேகம்தான் என் வேகம். அவ்வப்போது "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுக்க வேண்டும். கேட்பதுகூடச் சுலபம், பொறுப்பதுதான் உயிரை வாங்கியது. இரண்டு வாரம் "ஒண்ணுமில்ல" என்றே சொன்னாள். மூன்றாவது வாரம் நின்று, "முழங்கால் வலிக்குது, செத்த நேரம் உக்காரட்டா?" என்றாள். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இரண்டாம் முறை பரீட்சைக்குப் போனபோது குழுவில் ஒட்டன்சத்திரம் பக்கத்துக் காய்கறி வியாபாரி ஒருவர் இருந்தார். உச்சி கண்ணெதிரே, இன்னும் கால் மணி நேர நடை. அவர் முகம் வெளுத்திருந்தது. கேட்டால், "ஒண்ணுமில்லீங்க" என்றார். அந்த வார்த்தை எனக்குத் தெரிந்த வார்த்தையாயிற்றே! பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரை நீட்டிவிட்டுச் சும்மா இருந்தேன்.

"ஏனுங்க, ஏறத் தொடங்குனப்ப புடிச்சுத் தலை கிர்ருன்னு சுத்துதுங்க. சொன்னா உங்க பரீட்சை கெட்டுப்போயிருமேன்னு பார்த்தனுங்க."

இவரை நிழலில் விட்டுவிட்டு மற்றவர்களோடு ஓடிப் போய்த் தொட்டுவிட்டு வந்தால் என்ன? தோன்றியது, பொய் சொல்வானேன். பஸ் ஸ்டாண்டு மூஞ்சிகள் எல்லாம் கண்முன்னால் வந்தன.

"எல்லாரும் திரும்புறோம்" என்றேன்.

அவர் நடைக்கு நடந்து இறங்கினோம். கீழே தேர்வாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். "உச்சிக்குப் போகலையே?"

"போகல சார்."

"எங்கம்மாவ நம்பி ஒங்ககூட அனுப்பலாம். பாஸ்."

பையில் பழைய கண்டக்டர் விசில் இருந்தது. எடுத்து இரண்டு தடவை ஊதினேன் பாருங்கள், சிறுமலையில் ஒரு குரங்கு மிச்சமில்லாமல் ஓடிப்போனது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒவ்வொரு டீக்கடையாக நின்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மனைவி என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு சிரித்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, காலையிலேர்ந்து தல வலிக்குது. ஒரு காப்பி போட்டுத் தாரீங்களா?"

பையைக்கூட இறக்கி வைக்காமல் அடுப்படிக்கு ஓடினேன்.