"எனக்குக் குப்பைதான் வேணும் சாமி"

கம்பியின் நுனி வளையம் சுடரில் சிவக்கிறது. பத்து எண்ணி ஆறவிட்டு, அதைச் சிறுநீர்க் குப்பிக்குள் நேராக இறக்கி, நேராகவே தூக்குகின்றன அந்தக் கைகள். சாய்த்தால் துளி கூடும். கூடினால் கிருமியின் எண்ணிக்கை தப்பும். பிறகு, கிருமி வளர்க்கும் பச்சைநீலக் கூழ் உறைந்த வட்டத் தட்டில் நடுவே ஒரு கோடு. அதன் குறுக்கே, தறிப் பாவில் ஊடை இழை விழுவதுபோல நெருக்கமாக இழுத்த கோடுகள். தட்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் பெயர், தேதி. மூடியில் எழுதுவதில்லை.

"மூடி மாறிப் போயிரும். அடி மாறாது" என்பார் பஷீரா.

எடப்பாடி பேருந்து நிலையத்தின் பின்சந்தில், மாடிப்படி ஏறியதும் அவருடைய லேப். வயது நாற்பத்தெட்டு. சேலத்தில் ஒரு பழைய லேபில் குப்பி கழுவச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துப் பழகி, அதற்குப் பிறகே பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவர். இரத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்தான். ஆனாலும் சுற்றுவட்டப் பெண்களுக்கு அவர் "ஒண்ணுக்கு டெஸ்ட் அக்கா". அந்தப் பெயரில் அவருக்கு வருத்தம் இல்லை. குப்பியை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு காத்திருப்பவர்களைக் கடக்க வேண்டுமே என்று, பழைய துண்டுத் துணியில் சுருக்குப் பைகள் தைத்து வைத்திருக்கிறார். குப்பியோடு பையும் கொடுத்து, ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இதைச் சொல்வார்: "மொதல்ல வாரது வேண்டாம். கடைசியும் வேண்டாம். நடுவால வாரதப் புடிங்க. ஊட்டு டப்பாவுல கொண்டுவராதீங்க."

கடைசி வரிக்குக் காரணம் சின்னாயி என்கிற மூதாட்டி. கொல்லிமலைத் தேன் இருந்த பாட்டிலைச் சும்மா அலசிவிட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை எக்கச்சக்கமாகக் காட்டியது. "எனக்குச் சக்கரயா? நான் காப்பிக்கே சீனி போடறதில்லையே!" என்று அவர் போட்ட சண்டையை பஷீரா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

கலைமணி வந்தது ஒரு திங்கட்கிழமை. விசைத்தறிக் கூடத்தில் ஒருத்தியாக இரண்டு தறி பார்க்கிறவள். நாலு மாதத்தில் மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பு. ஒவ்வொரு முறையும் ஊரிலுள்ள மருந்துக்கடையில் நாலு மாத்திரை, இரண்டு நாள் சுகம், மறுபடியும் எரிச்சல். கடைசியில்தான் டாக்டர் நர்மதாவிடம் போனாள். கிருமியை வளர்த்துப் பார்க்கச் சொல்லி அவர் சீட்டெழுதினார்.

"மாத்திர ஏதாச்சும் போட்டிருக்கறயா கண்ணு?"

"இல்லீங்க்கா."

வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்த, அதே கூடத்தில் தறி ஓட்டும் கணவன் தனபால் சொன்னான்: "சூடுதானுங்க. எளநி குடின்னா கேக்கறதில்ல. டெஸ்ட்டுல ஒண்ணுமில்லைன்னு வந்துட்டா நாளைக்கே தறிக்கு வந்தரோணும்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன்."

கலைமணி, வீட்டில் பிடித்துவந்த குப்பியைச் சுருக்குப் பையோடு நீட்டினாள்.

அன்று நுண்ணோக்கியில் சீழ் செல்கள் மணலாய்க் கிடந்தன. மறுநாள் காலையில் தட்டு துடைத்துவிட்டதுபோல வெறுமையாக இருந்தது. "வளர்ச்சி இல்லை" என்று இரண்டு சொல் எழுதினால் வேலை முடிந்தது. பஷீரா எழுதவில்லை. தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். சீழ் இருக்கிறது, கிருமி இல்லை என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. மாத்திரை பற்றிக் கணவன் நிற்கும்போது கேட்டது தன் பிழை என்று அவருக்குத் தோன்றியது. கலைமணியை மட்டும் வரச்சொல்லிக் கூப்பிட்டு, உள்ளறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்.

"உன்ன வைய மாட்டேன். நெசத்தச் சொல்லு."

கலைமணி முந்தானையைத் திருகினாள். "நீங்க கையில வாங்குவீங்களேன்னு... நாத்தமடிக்குமுங்க்கா, வெக்கமாப் போச்சு. மிச்சமிருந்த மாத்திரைல ராத்திரி ஒண்ணு, காத்தால ஒண்ணு போட்டுக்கிட்டேன். மூணு சொம்பு தண்ணியும் குடிச்சு, தெளிவா வந்தப்புறந்தான் புடிச்சேனுங்க."

பஷீராவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "விருந்தாளி வாராங்கன்னு வாசலக் கூட்டறாப்பல கூட்டிட்டு வந்திருக்கற. எனக்குக் குப்பைதான் வேணும் சாமி. அதுல வேல செஞ்சுதான் சோறு திங்கறேன்."

பிறகு அவரே கேட்டார்: "தறி ஓட்டற நாள்ல தண்ணி குடிக்கறயா கண்ணு?"

"குடிச்சாப் போகோணுமே. கக்கூசு கூடத்துக்குப் பின்னால. போயிட்டு வாரதுக்குள்ள தறியில இழை அந்து போயிரும்."

பஷீரா அங்கிருந்தே டாக்டரைத் தொலைபேசியில் அழைத்தார். மாத்திரையை நிறுத்திவிட்டு வியாழன் காலை மறுபடி சிறுநீர் பிடிக்கலாம் என்றார் நர்மதா. காய்ச்சலோ குளிரோ முதுகுப்பக்க வலியோ வந்தால் வியாழனுக்குக் காத்திருக்கக் கூடாது, உடனே வந்துவிட வேண்டும். அந்த இரண்டு நாளும் இராச் சோற்றுக்கு முன்னால் பஷீரா தானே அழைத்துக் கேட்டார்: "காச்சல் அடிக்குதா? நடுக்கம் உண்டா?" எரிச்சல் மட்டுந்தான் என்றாள் கலைமணி. வியாழன் விடியலில், எதையும் கூட்டிப் பெருக்காமல், கலங்கிய குப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதான் கண்ணு வேணும்" என்று பஷீரா அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

வெள்ளிக்கிழமை தட்டு முழுக்கக் கிருமி மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தது. அந்தக் கிருமியைப் புதுத் தட்டில் பரப்பி, பொட்டளவு காகித வில்லைகளைப் பதித்தார். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து. வேலை செய்கிற மருந்தைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டமாக விலகி நிற்கும். சனிக்கிழமை அடிக்கோலை வைத்து ஒவ்வொரு வட்டத்தையும் இரண்டு முறை அளந்தார். மருந்துக்கடை மாத்திரையின் வட்டம் இருக்கவேண்டிய அளவுக்கு இரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருந்தது. அந்த மாத்திரை கிருமியைத் தலையில் தட்டி உட்காரவைக்கும், ஒழிக்காது. வேறு மூன்று மருந்துகளுக்கு அகலமான, சுத்தமான வட்டங்கள்.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள்.

"கிருமி இருக்குதுங்க. ஒரு மில்லியில ஒரு லட்சத்துக்கு மேல."

"லட்சமுங்களா?" தனபாலின் வாய் திறந்தபடி நின்றது. "தறி ஓட்டக் கூடாதுங்களா?"

"ஓட்டலாம். ஒண்ணுக்கு வந்தா தறிய நிறுத்திட்டுப் போகோணும். அந்த நேரம் அவ தறியையும் சேத்து நீங்க பாத்துக்கோணும். என்ன மாத்திர, எத்தன நாளுன்னு டாக்டரம்மா சொல்லுவாங்க. பாதியில நிறுத்தக் கூடாது."

அவன் மனைவியைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டான்: "ஏனுங்க, அப்ப அவளுக்கு நெசமாலுமே வலிச்சிருக்குமுங்களா?"

"அவளயே கேளுங்க."

அவன் பரிசோதனை முடிவுத் தாளை வாங்கக் கையை மட்டும் நீட்டினான். ஆங்கிலத்தில் அச்சான அந்தத் தாளின் அடியில் பஷீரா பேனாவால் தமிழில் இரண்டு வரி எழுதினார்: "கிருமி உண்டு. பழைய மாத்திரை போதாது." மை காய ஊதி, எழுத்து கலைமணியின் பக்கம் இருக்கும்படி தாளைத் திருப்பி, அந்த வரிகளின் கீழ் விரல் வைத்தபடியே அவள் கையில் கொடுத்தார்.