ஏறாத ரயிலுக்குச் சாட்சி

பாவாத்தாளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை, ஒட்டி ஒட்டி வீடுகள் நிற்கும் எங்கள் வளவில் பார்க்க முடியாது. பல்லி கத்தினால் வேலைக்குக் கிளம்பியவள் உட்கார்ந்துவிடுவாள். ரோட்டில் போலீஸ் ஜீப் போனால் இவள் கதவைச் சாத்துவாள். புருசன் போய்ச் சேர்ந்த பிறகு, சோமனூரில் அங்கப்பனுடைய தறிக்குடோனில் நூல் சுற்றி வயிற்றைக் கழுவியவள். இவளை நம்பி ஒருத்தி உயிரை ஒப்படைத்தாள் என்றால், அவளுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒப்படைத்தவள் அந்த அங்கப்பனின் மகள் சண்முகப்ரியா. தொண்ணூற்று நாலாம் வருசம். வேறு சாதிப் பையன் எழிலோடு பழகியது வீட்டுக்குத் தெரிந்து, அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். எழில் மெட்ராசில் வேலையில் இருந்தான். பாவாத்தாளோ தங்கை மகள் சீருக்கு மெட்ராஸ் போவதற்காக, திருப்பூர் ஸ்டேஷனில் டிக்கெட் பதிந்து வைத்திருந்தாள். அதுவரை அவள் ரயில் ஏறியதே இல்லை. வளவு முழுக்க அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். அந்த டிக்கெட்டைத்தான் சண்முகப்ரியா கேட்டாள். அப்போதெல்லாம் ரயிலில் அடையாள அட்டை யார் கேட்டார்கள்? ஒருத்தர் டிக்கெட்டில் இன்னொருத்தர் போவது சகஜம்.

"குடுக்கலீனா என்னைய கொன்னுபோடுவாங்க அக்கா" என்றது அந்தப் பிள்ளை. பாவாத்தாள் கொடுத்துவிட்டாள். அன்று ராத்திரி ரயிலிலேயே அது கிளம்பிவிட்டது.

மறுநாள் விடியும்போது ஊரே அமளிதுமளிப்பட்டது. அங்கப்பனின் தம்பிகள் காரில் அரிவாளோடு ஏறி, சத்தியமங்கலம் வரைக்கும் பஸ் பஸ்ஸாகத் தேடினார்கள். பாவாத்தாள் காய்ச்சல் என்று சொல்லிப் பயணத்தை நிறுத்திவிட்டு, எங்களோடு அங்கப்பன் வீட்டுக்கு வந்தாள். அழுது கிடந்த அவர் மனைவிக்குக் காப்பி வைத்துக் கொடுத்தாள். காப்பியைச் சிந்தியதற்கும் காய்ச்சலைத்தான் காரணம் சொன்னாள். நானும் நம்பினேன்.

அந்த ரயில் மெட்ராஸ் போய்ச் சேர்ந்த அன்றைக்கே அங்கே ஒரு பெரிய மில் அதிபரை யாரோ வெட்டிக் கொன்றுவிட்டார்கள். பேப்பரைப் பிரித்தால் அதுதான் செய்தி. கொலைகாரன் நம் பக்கத்திலிருந்து போனவன் என்று தனிப்படை வந்து இறங்கியது. லாட்ஜ் ரெஜிஸ்டர், பஸ் டிரிப் ஷீட், ரயில் பயணிகள் பட்டியல் என்று கண்ட காகிதத்தையெல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். அவர்கள் சந்தேகப்பட்ட ஆளின் எதிர்ப் படுக்கையில் பட்டியலில் இருந்த பேர், பாவாத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப் வளவுக்குள்ளேயே வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் கையில் அவள் கொடுத்திருந்த முன்பதிவு விண்ணப்பம். மாதிரிக் கையெழுத்து வாங்க வேண்டும், அதற்கு ஊரில் ஒரு பெரிய மனிதர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று யாரைக் கூட்டி வந்திருந்தார்கள் தெரியுமா? அங்கப்பனை.

"இந்தக் கையெழுத்து உங்களுதா?"

"ஆமாங்க."

"அந்த ரயில்ல போனது நீங்கதானே?"

பாவாத்தாளுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. இல்லை என்றால், அப்புறம் யார் போனது என்பார்கள். சொன்னால் கேட்பதற்கு அப்பன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"நான்தானுங்க போனேன்."

அவள் ஊரைவிட்டு நகரவில்லை என்பது வளவுக்கே தெரியும். ஏன் பொய் சொல்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருத்தர் வாய் திறந்தால் போதும். நல்லவேளை, போலீசுக்கு முன்னால் எல்லாருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் ஒரு போட்டோவை நீட்டினார். "எதிர்ல இருந்த ஆள். நல்லாப் பாருங்க."

"ஏறுனதும் மூஞ்சிய மூடிப் படுத்துட்டனுங்க. ஆரையும் பாக்கலீங்க."

"கோர்ட்டுல கூப்பிட்டா வந்து இதையே சொல்லணும்."

"சொல்றனுங்க."

அவள் மாதிரிக் கையெழுத்துப் போட்டதும் பேனா அங்கப்பனிடம் போனது. அவர் விண்ணப்பத்தில் இருந்த பயணத் தேதியைப் படித்தார். தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். திரும்பவும் தேதியைப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஜீப் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்கு விடியக்கால எங்க ஊட்ல காப்பி வெச்சுக் குடுத்தது நீதான பாவாத்தா?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்கறாளா?"

அவர் குரல் உடைந்திருந்தது. அது பாசம் என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் பாவாத்தாளின் கண்ணுக்குள் அந்த அரிவாள்கள்தான் நின்றிருக்க வேண்டும்.

"ஆருங்க?" என்றாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கோர்ட்டிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை, வேலையை விட்டும் நிறுத்தவில்லை. ஆனாலும் தபால்காரர் வந்தால் அவளுக்கு உதறும். முதலாளி பக்கத்தில் வந்தால் நூல் அறுந்து போகும். தங்கை மூலமாக மெட்ராசிலிருந்து ஒரு நல்ல சேதி வந்து சேர்ந்தது. அதையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

மூன்று வருசம் கழித்து அங்கப்பன் மாரடைப்பில் போனார். மகளுக்குச் சொல்லி அனுப்ப ஆளில்லை. இருக்கும் இடம் தெரிந்த ஒருத்திக்கோ தைரியம் இல்லை. தம்பிகள்தான் பந்தலுக்குள் நிற்கிறார்களே.

பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தோம். அந்தச் சத்தத்துக்குள் பாவாத்தாள் குனிந்து, அவர் காதோரம் வாயை வைத்தாள். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது.

"நல்லா இருக்கறாளுங்க. பொட்டப்புள்ள பொறந்திருக்குதுங்க."