குப்பை டின்னுக்கு மூக்கு வைத்தவள்

மேனாம்பேட்டு நாகம்மாளுக்குப் படிப்பு கிடையாது, ஆனால் சேறு தெரியும். பத்து வயதில் நாற்றங்காலில் இறங்கியவள் முப்பத்தைந்து வயதுவரை ஊரார் வயல்களில் நடவு நட்டாள். எந்த வயல் முழங்கால்வரை விழுங்கும், எந்த வயல் கணுக்காலோடு விட்டுவிடும் என்று வரப்பில் நின்றே சொல்லிவிடுவாள். இந்த அறிவுக்கெல்லாம் யார் பட்டம் கொடுக்கப் போகிறார்கள்? ஏரி இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் வற்றியதும், சண்டைக்காலத்தில் ஆவடியில் முளைத்த பட்டாளத்துக் குடியிருப்புக்குக் குப்பை எடுக்கப் போனாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். வீட்டில் அவளையும் சேர்த்து ஐந்து வாய். பட்டாளத்து வேலையாட்களுக்கு வாரம் தவறாமல் அரிசி அளந்தார்கள். ஊரே ரேஷன் கடை வாசலில் கால்கடுக்க நின்ற 1944-இல் அது லேசுப்பட்ட விஷயமில்லை.

குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் இடுப்பளவு உயரத்தில் ஒரு தகர டின் இருக்கும். அதற்குள் மெழுகு பூசிய கித்தான் பை. ஈ மொய்க்கக் கூடாது, தரையில் ஒழுகக் கூடாது என்று சுகாதார டாக்டர் துரை செய்த ஏற்பாடு அது. சமையல்காரர்கள் குப்பையைப் பையில் போடுவார்கள். காலையில் பெண்கள் வந்து பையை உருவி, வண்டியில் கொட்டி, கழுவி, திரும்ப மாட்ட வேண்டும். கேட்க அழகாகத்தான் இருந்தது. துரை ஒருநாள், ஒரே ஒருநாள், தன் கையால் உருவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஈரக் குப்பை நிறைந்ததும் பை டின்னோடு அட்டையாக ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் டின்னும் சேர்ந்து எழும்பும். ஒருத்தி டின்னைக் கட்டிப் பிடிக்க, இன்னொருத்தி மூச்சைப் பிடித்து இழுக்க, கடைசியில் பைதான் கிழியும்.

அந்த மாதம் மட்டும் பதினோரு பைகள் கிழிந்தன. மேஸ்திரி சின்னசாமி ஏழு பெண்களையும் வரிசையாக நிற்க வைத்தார்.

"பொம்பளைங்களுக்குத் தெம்பு பத்தல. ஒண்ணாந்தேதிலேர்ந்து ஆம்பளைங்களைப் போடப்போறேன். உங்க ஏழு பேரு பேரையும் அடிச்சிடுவேன்."

"நாங்க இன்னா பண்ணுவோம் மேஸ்திரி? ஊட்ல அடுப்பு எரிய வாணாமா?" என்றாள் சாராள். நாகம்மாளோடு ஜோடியாக வேலை செய்கிறவள். மேஸ்திரிக்கு அது காதில் விழவில்லை. அவருக்கு வேண்டாதது எதுவும் விழாது.

மறுநாள் பாஸ்கல் என்ற சமையல்காரர் வேலை செய்த வீட்டு டின்னோடு இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நாகம்மாள் சட்டென்று கையை விட்டுவிட்டாள். அவளுக்கு உள்ளங்கால் கூசியது. சேறு காலைக் கவ்வினால் நேராக இழுப்பவள் புதுசு. பழகினவள் குதிகாலைக் கொஞ்சம் சாய்ப்பாள். இடுக்கில் காற்று இறங்கும், சேறு தன்னால் விட்டுவிடும். இருபத்தைந்து வருஷம் செய்த காரியம், இத்தனை நாள் புத்தியில் உறைக்காமல் போயிற்றே!

"சாராளு, பை ஒட்டிக்கல. அடியில காத்து இல்ல. அதான் உட மாட்டேங்குது."

அன்றே ஆணியும் கல்லும் எடுத்து அந்த டின்னின் அடியில் நாலு ஓட்டை போட்டாள். மறுநாள் பை சுலபமாக வந்தது. சாராள் கையைத் தட்டினாள். ஆனால் சந்தோஷம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. பையின் தையல் ஓரிடத்தில் விட்டிருந்தது. மீன் கழுவின தண்ணீர் கசிந்து, ஓட்டை வழியாகத் தரைக்கு வந்து, எறும்பையும் பெருச்சாளியையும் விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டது. பாஸ்கல் குதித்தார். மேஸ்திரி ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்தார்.

"நோவாம நுங்கு துன்னப் பாக்கறியா? இன்னொரு தபா டின்ல ஆணி வெச்சே, ஒண்ணாந்தேதி வரிக்கும்கூட உன்னை வெச்சுக்க மாட்டேன்."

நாகம்மாள் வழியெல்லாம் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். தப்பு செய்தோம் என்பதற்காக அழவில்லை. சரியான காரியம் பாதியில் நின்றுவிட்டதே என்றுதான் அழுதாள்.

வீட்டில் விறகு ஈரம். ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்தது. ஊதியவள் குழலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காற்று அடியில்தானே வேண்டும்? கீழேயிருந்துதான் வரவேண்டும் என்று யார் சொன்னது? மேலேயிருந்து இறங்கினால் என்ன?

டின் உயரத்துக்கு ஒரு மூங்கில் குழாய் வெட்டி, உள்ளே கணுவைக் குத்தியெடுத்து, பாஸ்கலின் டின்னுக்குள் சுவரோரமாகச் சணலால் கட்டினாள். குழாயின் வாய் வெளியே தெரியும்படி பையை மாட்டினாள். பாஸ்கல் முறைத்தார்.

"ஒரு சொட்டு ஒழுவினா என்னைக் கேளு, அண்ணாத்தே" என்றாள்.

ஒரு சொட்டு ஒழுகவில்லை. பையும் வரவில்லை! குழாயின் கால் தகரத்தில் சப்பென்று உட்கார்ந்து வழியை அடைத்திருந்தது. நாகம்மாள் இந்தத் தடவை அழவில்லை, சிரித்தாள். குழாயின் கீழ்முனையைச் சாய்வாகச் சீவினாள். அவ்வளவுதான். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள், வல்லவளுக்கு மூங்கில்.

மாதக் கடைசியில் டாக்டர் துரை மேற்பார்வைக்கு வந்தார். மேஸ்திரி தன் புது ஆளை முன்னால் நிறுத்தினார். ஜம்புலிங்கம் என்று பெயர், அரிசி மில்லில் மூட்டை தூக்கியவன், தோள் இரண்டும் கதவு அகலம். பக்கத்து வீட்டு டின்னில் கைவைத்து இழுத்தான். டின்னும் கூடவே எழும்பியது. காலால் டின்னை மிதித்துக்கொண்டு ஒரு தம் பிடித்தான். பை இரண்டாகக் கிழிந்து, நேற்றைய குழம்பும் முள்ளும் மேஸ்திரியின் சலவை வேட்டியில் அபிஷேகமாயிற்று. மேஸ்திரியின் முகத்தில் ஈயாடவில்லை, வேட்டியில்தான் ஆடியது.

"தொரெ, இத்தையும் கொஞ்சம் பாருங்க" என்றாள் நாகம்மாள். இது தவறினால் நாளைக்கு ஏழு வீட்டில் உலை கொதிக்காது.

நிறைந்து வழிந்த பாஸ்கல் டின்னின் பையை ஒற்றைக் கையால் பிடித்தாள். இழுக்கக்கூட இல்லை, தூக்கினாள். பை நெடுக வழுக்கிக்கொண்டு மேலே வந்தது.

துரைக்கு நம்பிக்கை வரவில்லை. பையைத் திரும்ப இறக்கச் சொல்லி அழுத்தினார். குழாயின் வாயைத் தன் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, தூக்கு என்று ஜாடை காட்டினார். நாகம்மாள் தூக்கினாள். டின்னும் சேர்ந்து எழும்பியது. விரலை எடுத்தார். பை வந்துவிட்டது. மூன்று தடவை மூடித் திறந்து பார்த்து, பள்ளிக்கூடப் பையன்போல வாய்விட்டுச் சிரித்தார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார். கூட வந்த குமாஸ்தா கங்காதரன் அதைத் தமிழில் சொன்னார்.

"இதை எங்கே கத்துக்கினேன்னு கேக்கறார், நாகம்மா."

"சேத்துலதான் சாமி."

குடியிருப்பின் நூற்று நாற்பது டின்னுக்கும் மூங்கில் குழாய் வைக்க அங்கேயே உத்தரவாயிற்று. ஏழு பெயரும் பதிவில் அப்படியே இருக்கும். ஜம்புலிங்கத்தை அனுப்ப வேண்டாம், வண்டிக்கு ஆள் வேண்டும், ஆனால் நாகம்மாள் சொல்கிறபடி செய்ய வேண்டும் என்றார் துரை. அந்தக் குழாய்க்கு நாகம்மா மூக்கு என்று சாராள் வைத்த பெயர், நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் அங்கே மாறவில்லை.

அன்று சாயங்காலம் வேட்டியைக் கழுவிக்கொண்டிருந்த மேஸ்திரி தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"நோவாம நுங்கு துன்னுட்டே, இல்ல?"

"ஆமா நைனா" என்றாள் நாகம்மாள். "இத்தினி நாளு நொந்து துன்னவங்க தானே நாங்க."

அவளுக்குப் பின்னால் ஜம்புலிங்கம், கை நிறைய மூங்கிலோடு, சீவின முனை மேலேயா கீழேயா என்று கேட்பதற்காகப் பணிவாகக் காத்து நின்றான்.