வெறும் வயிற்றில் ஒரு டீசல் கார்

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. பதினாலு வருஷமாக. பரிசோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் ஊசியக்கா, அவளைவிட மூத்தவர்களுக்கும். யார் கையானாலும் ஒரே குத்துதான். ஆனால் குத்துவதற்கு முன் முகத்தைப் பார்ப்பாள்.

“காலையில ஏதாவது சாப்ட்டீங்களா?”

“பச்சத் தண்ணிகூட குடிக்கலம்மா.”

உதட்டோரத்தில் பிஸ்கட் தூள் இருக்கும். “அப்ப நாளைக்கு வர்றேன்” என்று பெட்டியை மூடிவிடுவாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிய குடியிருப்புகள் வந்தபோது கூடத்தின் மேலாளர் அங்கே ஒரு தனித் தடம் போட்டார். காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று, ஒரு நாளைக்கு நூற்றிருபது கிலோமீட்டர். காலைச் சுற்றில் ரத்தம் எடுத்த குழாய்கள் ஒன்பது மணிக்குள் வந்து சேர வேண்டும். வழியில் வண்டி நின்றால் ரத்தம் கெட்டுவிடும், அத்தனை பேரையும் மறுபடி குத்த வேண்டும்.

“ஸ்கூட்டரெல்லாம் சரிப்படாதுக்கா. ஒண்ணாந்தேதிக்குள்ள நிக்காத கார் ஒண்ணு இருந்தா தடம் உங்களுக்கு. இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்.”

தடம் கிடைத்தால் மருத்துவமனை வார்டில் பார்க்கும் மாலை வேலையை விட்டுவிடலாம். ஆறு வருஷமாக அவள் மகள் சாயங்காலங்களில் அம்மாவைப் போனில்தான் பார்க்கிறாள். பன்னிரண்டு நாள் இருந்தது.

தம்பி செல்போன் கடையில் வேலை பார்த்தான். கார் ஓட்டத் தெரியாது. கார்களைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது.

“டீசல் வேணாம்க்கா. சின்னச் சின்ன தூரத்துக்கு டீசல் ஒத்துக்காது.”

“நூத்திருபது கிலோமீட்டர் உனக்குச் சின்ன தூரமாடா?”

அவன் கூடவே வந்தான்.

தரகரின் கொட்டகையில் வெள்ளி நிறத்தில் ஒரு சின்ன டீசல் கார் நின்றது. இருக்கைகளில் வாசனை அடித்திருந்தார்கள். ஆயில் குச்சியை உருவிக் காட்டினார் தரகர். தேன் நிறம். தம்பி சாவியைத் திருப்பினான், தொட்டதும் கிளம்பியது. அவன் முகம் மலர்ந்தது. அவள் இன்ஜின் மூடியில் உள்ளங்கையை வைத்தாள். சூடு.

“யார் ஓட்டினது?”

“நீங்க வர்றீங்கன்னு சும்மா ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்மா.”

“நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வர்றேன். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது.”

“சுகர் டெஸ்ட்டா எடுக்கப் போறீங்க?” என்று தரகர் சிரித்தார்.

“ஆமா. வெறும் வயித்துல. சூடா இருந்தா எந்த இன்ஜினும் கிளம்பிடும்.”

மறுநாள் ஐந்தே முக்காலுக்கே போய்விட்டாள். மூடி வெதுவெதுப்பாக இருந்தது.

“வெயில் பட்டிருக்கும்மா.”

“சூரியனே இன்னும் எந்திரிக்கலயேண்ணே.”

தரகர் சட்டைப் பொத்தானைத் தேடினார். அவள் தம்பியைப் பார்த்து, “வா” என்றாள்.

அடுத்த கார் ஒரு டைல்ஸ் பதிக்கிறவருடையது. பெரிய வேன் வாங்குவதால் விற்கிறார். பின் இருக்கையில் சிமென்ட் தூசி, முன்கதவில் ஒரு நெளிவு. ஆறு மணிக்கு மூடி சில்லென்றிருந்தது. மேலே பனிகூட துடைக்கப்படவில்லை. சாவியைப் பாதி திருப்பி, இன்ஜின் முன்சூடாவதைக் காட்டும் மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருந்து முடுக்கினாள். நாலு விநாடி இழுத்தது. வெள்ளையாகக் கொஞ்சம் புகை வந்தது, நின்றது. அப்புறம் சீராக ஓடியது.

அணைத்துவிட்டு ஆயில் குச்சியை உருவினாள். மை மாதிரி கறுப்பு.

கூடத்தில் நிறம் மாறிய குழாயைக் கையில்கூட வாங்கமாட்டார்கள். அவள் மனம் அப்போதே அந்தக் காரைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஆனால் பார்த்ததை மட்டும் வைத்து அவள் யாருக்கும் எதுவும் சொன்னதில்லை. பையிலிருந்து ஊசியில்லாத சிரிஞ்சையும் மெல்லிய குழலையும் எடுத்து, குச்சி இருந்த துளைக்குள் விட்டு உறிஞ்சினாள்.

“வலிக்காம எடுங்க” என்றார் டைல்ஸ்காரர்.

குழாயில் ஊற்றி, தேதியும் நேரமும் எழுதி ஒட்டினாள். பழக்கத்தில் ‘வெறும் வயிறு’ என்றும் எழுதிவிட்டாள்.

பஸ் பணிமனை மெக்கானிக் ஒருவர் அவளுடைய செவ்வாய்க்கிழமை சர்க்கரைக்காரர். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“யாருக்கும்மா இது? ஆள் பொழைக்க மாட்டாரே.”

அவள் சொன்னதும் மனுஷர் இருமும்வரை சிரித்தார். “டீசல் ஆயில் கறுப்பாத்தாம்மா இருக்கும். மாத்தி நூறு கிலோமீட்டர் ஓடினாலே கறுத்துடும்.”

“இன்னொரு வண்டியில தேன் மாதிரி இருந்துச்சே?”

“அப்ப அத நேத்துதான் மாத்தியிருக்கான். பழசுல என்ன இருந்துச்சுன்னு நீ பாத்துடக் கூடாதுல்ல.”

இரண்டு சொட்டை விரல்களுக்கிடையே தேய்த்தார், மோந்தார். இரும்புப் பொடி இல்லை, டீசல் வாடை இல்லை, தண்ணீர் கலந்த வெளுப்பும் இல்லை. “இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊத்துற மூடியத் திற. குபுகுபுன்னு புகை வந்தா திரும்பிப் பாக்காம வந்துடு. அப்புறம் பாரத்தோட ஒரு மேட்டுல ஏத்திப் பாரு.”

அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது.

அன்று மதியமே இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தார்கள். பெரிதாக ஒன்றும் வரவில்லை. டைல்ஸ்காரர் ஆறு பெட்டி டைல்ஸைப் பின்னால் ஏற்றினார். மேம்பாலத்தின் சரிவில் அவள் மூன்றாவது கியரில் மிதித்தாள். வெப்பமுள் நடுவிலேயே நின்றது. தம்பி ஸ்கூட்டரில் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தான்.

“புகை எப்படிடா?”

“எம் மூஞ்சியப் பாரேன். காலையில கழுவினது அப்படியே இருக்கு.”

“அது கழுவின மூஞ்சியா?” என்றவள் டைல்ஸ்காரரிடம் திரும்பினாள். “இந்த வண்டிக்கு என்னண்ணே குறை?”

அவர் யோசிக்கவில்லை. “க்ளட்ச் இன்னும் ஆறு மாசம் வந்தா பெரிசு. போன வருஷம் ஒரு இன்ஜெக்டர் மாத்தினேன், பில் இருக்கு. ஏசி இருக்கு, ஆனா அது சும்மா அழகுக்கு.”

மாத்திரையை மறந்ததைக் கேட்காமலே சொல்லிவிடுகிற நோயாளிகள் சிலர் உண்டு. அவர்களிடம் அவள் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. அங்கேயே பேசி முடித்தாள். மறுநாளே வண்டி க்ளட்ச் மாற்றப் போயிற்று.

ஒன்றாம் தேதி எட்டு முப்பத்தைந்துக்குக் குழாய்த் தட்டை மேலாளரின் மேஜையில் வைத்தாள். அவர் ஜன்னல் வழியாக நெளிந்த கதவைப் பார்த்தார்.

“இது நிக்காதுல்லக்கா?”

“நிக்கும்.”

அவர் நிமிர்ந்தார்.

“இன்னும் பன்னெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினதும் டைமிங் பெல்ட் மாத்தணும். ஞாயித்துக்கிழமையாப் பாத்து நானே நிறுத்துவேன். அன்னைக்கு ஒருநாள் நிக்கும்.”

மேலாளர் தட்டிலிருந்த குழாய்களை எண்ணினார். நிறம் பார்த்தார். ஒன்றையும் திருப்பவில்லை.

“சாயங்கால வார்டுக்கு வேற ஆளப் போடச் சொல்லிடட்டுமா?”

“இன்னைக்கே சொல்லிடுங்க” என்றாள்.