தாய்மாடுகள் மேயும் பாதை

நனைந்த கூடாரத் துணியின் ரப்பர் மணமும், வீட்டிலிருந்து அம்மா கட்டிவந்த இடிசம்பலின் காரமும் ஒன்றாக மூக்கில் ஏறியதுதான், சுவிஸில் கூர் நகரத்துக்கு மேலேயுள்ள மலைப் பூங்காவில் நாங்கள் தங்கிய அந்தக் கோடையைப் பற்றிய என் முதல் ஞாபகம். ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவிய அப்பாவுக்குக் கிடைத்த முதல் நீண்ட லீவு அது. தம்பி புல்லில் உருண்டு திரிந்தான். நானோ கூடாரத்தின் ஆணி கழன்றுவிடுமோ, காஸ் அடுப்பு வெடித்துவிடுமோ என்று எல்லாவற்றையும் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "உவள் பிறக்கேக்கையே யோசிச்சுக்கொண்டு பிறந்தவள்" என்பார் அப்பா.

வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை, மேலேயுள்ள ஏரிக்கு நடந்தோம். பாதை ஒரு புல்வெளிக்குள் நுழையுமிடத்தில் மின்கம்பி வேலியும், திறந்து மூடும் ஒரு படலையும், படலையில் ஓர் அறிவிப்புப் பலகையும் இருந்தன. பின்னாளில் படிப்பைப் பாதியில் விட்ட நான்தான் அன்று எங்கள் வீட்டில் டொச் என்கிற ஜெர்மன் மொழி வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள். கன்றுகளோடு தாய்மாடுகள் நிற்கின்றன, கிட்டப் போகக்கூடாது, கன்றைத் தொடவே கூடாது என்று வாசித்துச் சொன்னேன்.

"பசுவுக்கும் போர்ட்டோ? ஊரில நாய்க்குத்தான் போடுறவை," என்று அம்மா சிரித்தார்.

ஊரைவிட்டு வந்த பிறகு அம்மா ஒரு பசுவைத் தொட்டுக் கும்பிட்டதில்லை. மதியத்துக்கு வைத்திருந்த வாழைப்பழங்களை எடுத்துக்கொண்டு, படலையைத் திறந்து உள்ளே போய், பாதையைவிட்டு விலகி, புல்லில் படுத்திருந்த பழுப்புக் கன்றை நோக்கி நடந்தார்.

"கவனம், அதுக்குத் தமிழ் விளங்காது," என்றார் அப்பா.

"கும்பிடப் பாஷை வேணுமோ?"

"அம்மா, வாங்கோ! போர்ட்டில இருக்கு!" என்று நான் கத்தியும் அம்மா திரும்பவில்லை. கன்றின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தார். தாய்மாடு தலையைத் தாழ்த்திச் சீறிக்கொண்டு ஓடிவந்தது. "ஓடாதையும்! மெல்லப் பின்னுக்கு வாரும்!" என்று அப்பா குரலெடுத்துக் கத்த, அம்மா சறுக்கி விழுந்து, சரிவில் உருண்டு, வேலிக்கு அடியால் புகுந்தபோது கம்பி முதுகில் பட்டு அலறினார். மாடு வேலியோரம் நின்றுவிட்டது. நான் படலையைப் பிடித்தபடியே நின்றேன்.

சத்தம் கேட்டுத் தடியோடு ஓடிவந்த பண்ணைக்காரப் பெண் முதலில் அம்மாவின் கைகால்களைத் தடவிப் பார்த்தார். பிறகு அறிவிப்பைக் காட்டி ஏசினார். பிறகு தடியை ஓங்கிக்கொண்டு மாட்டின் பக்கம் திரும்பினார். உடம்பெல்லாம் சாணி அப்பியிருந்த அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அடிக்க வேண்டாமெண்டு சொல்லு பிள்ளை. அது தாய். பிழை என்னில."

டொச்சில் சொன்னேன். அந்தப் பெண் தடியைத் தாழ்த்தி, நாக்கைச் சொடுக்கி மாட்டைக் கலைத்தார்.

"லட்சுமி கடாட்சம் கிடைச்சுதோ?" என்றார் அப்பா.

"கிடைச்சுது, கரண்ட்டோட."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் தேத்தண்ணி ஊற்றும்போது அம்மா அடிக்கடி மாடு நின்ற பக்கம் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அம்மாவையும் ஒன்று வந்து விழுத்தலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

முழங்கால் வலியால் அம்மா இப்போது மலைப்பக்கம் வருவதில்லை. போன கோடையில் என் மகளோடு அங்கே போனேன். கூடாரங்கள் இருந்த இடத்தில் மரக் குடில்கள். படலையும் வேலியும் இல்லை. புல்வெளியில் ஒரு மாடுகூட இல்லை. முன்னால் ஓடியவளை "கிட்ட நில், கிட்ட நில்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

"அம்மா, இங்க ஒண்டுமே இல்லையே!" என்றாள் எரிச்சலோடு.

"ஓம்," என்று சொல்லிக்கொண்டே, அவளுக்கும் அந்த வெறும் புல்வெளிக்கும் நடுவில் வந்து நடந்தேன்.